மனக்கணக்கு மெடல்

ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் போதும், என் கடையில் இருக்கிற நல்ல சைக்கிளுக்குக் கேடுகாலம். சென்னகேசவன் வந்து நிற்பான். வாடகைக்கு எடுக்கிறவன் என்றால் அது வேறு பேச்சு. சிநேகிதனாகிப் போன பாவத்துக்கு சைக்கிளையும் கொடுத்து, மிதிப்பதற்கு என்னையும் கொடுக்க வேண்டும். அவனுக்கு ஓட்ட வராது. நாளெல்லாம் தறிக்குழியில் உட்கார்ந்து மிதிகட்டையை மிதிக்கிறவனுக்கு பெடல் மட்டும் எப்படி வராமல் போகும்? கேட்டால், "அது வேற மிதி, இது வேற மிதி காசி" என்பான். கேரியரில் ஏறி, தான் நெய்த துண்டு மூட்டையை மடியில் வைத்துக்கொள்வான். நான் மிதிப்பேன்.

போகிற வேலையைச் சொன்னால் சிரிப்பீர்கள். பழைய பள்ளிக்கூட மெடல் தேடிப் போகிறோம்.

வெள்ளைக்காரன் காலத்தில் திருச்சுழியில் ஒரு பள்ளிக்கூடம் நடந்தது. இப்போது அந்தக் கட்டிடமும் இல்லை. பக்கத்து ஊர் மிராசுதார் வீரபத்திரன் என்பவருக்கு ஒரே மகன். கணக்கில் சூரனாம். அம்மை வார்த்துப் போய்ச் சேர்ந்துவிட்டான். மகன் ஞாபகமாக, கண்மாய்க்குக் கீழே இருந்த ஒரு வயலை அவர் பள்ளிக்கூடத்துக்கு எழுதி வைத்தார். அந்த வயல் விளைச்சலில் வருஷத்துக்கு ஒரே ஒரு வெள்ளி மெடல். மனக்கணக்கில் முதலாவதாக வருகிற பையனுக்கு. முன்பக்கம் ராசா தலை, பின்பக்கம் பையன் பேரும் வருஷமும் இங்கிலீஷில் வெட்டியிருக்கும்.

இந்த மெடல்களைத்தான் சென்னகேசவன் சேர்த்துக்கொண்டிருந்தான். சும்மா சொல்லக் கூடாது, அவனுக்கு அதில் ஒரு ஞானம் இருந்தது. பிஸ்கட் டப்பாவைத் திறந்து வருஷ வரிசையில் துண்டின் மேல் பரப்புவான். "இதத் தூக்கிப் பாரு. கனமா இருக்கா? அந்த வருசம் கம்மா நெறஞ்சிருக்கு. இது தகடு. அந்த வருசம் மளை இல்ல, வயல் வெளையல" என்பான். கையில் எடுத்துப் பார்த்தால் அவன் சொல்வது சரியாகத்தான் இருக்கும். கடைசி வருஷத்து மெடல் வெறும் பித்தளை, மேலே வெள்ளிப் பூச்சு. அதோடு வயலும் தரிசாகிவிட்டது, மெடலும் நின்றுபோனது.

அவை கிடைத்த இடங்களைச் சொன்னால் வீரபத்திரன் மிராசு எழுந்து வந்து அழுவார். ஒன்று காரியாபட்டி சந்தையில் கிடாயின் கழுத்தில் கிடந்தது. ஒன்று கைக்குழந்தையின் அரைஞாணில். பலசரக்குக் கடைக்காரர் ஒருவர் தராசின் ஒரு தட்டு லேசாக இருக்கிறதென்று அதன் அடியில் ஒன்றைக் கட்டியிருந்தார். அதை அவிழ்க்கச் சொல்லி அன்று முழுக்க அவரோடு மல்லுக்கு நின்றோம். கேட்ட இடத்திலெல்லாம் சென்னகேசவன் ஒரு துண்டைக் கொடுப்பான், முறைத்தால் இன்னொரு துண்டைக் கொடுப்பான். அவன் பெண்சாதி கங்கம்மாளுக்கு இது வயிற்றெரிச்சல்.

"அண்ணே, நான் இடுப்பொடியத் தார்க்குச்சியில நூல் சுத்துறேன், இவரு நெய்யிறாரு. நெய்ஞ்சது பூராம் தகரத்துக்குப் போகுது. நீங்களாச்சும் சைக்கிளக் குடுக்காம இருக்கக் கூடாதா?" என்று என்னிடம் சண்டைக்கு வருவாள்.

கொடுக்காமல் இருக்க முடியாததற்குக் காரணம் சென்னகேசவனின் அப்பா வேங்கடபதி. முடக்குவாதத்தில் கால் விழுந்து, தறிக்குப் பக்கத்திலேயே கயிற்றுக் கட்டிலில் கிடந்தார். சின்ன வயதில் திருச்சுழியில் தாய்மாமன் வீட்டில் தங்கி அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். முதல் உலக யுத்தம் முடிந்த வருஷம் அந்த மெடலை வாங்கினவர். அருப்புக்கோட்டையில் எங்கள் நெசவாளர் தெருவில் அதற்கு முன்னால் யாரும் பள்ளிக்கூடத்துப் பரிசு வாங்கினதில்லை. மெடலைச் சட்டையில் குத்திக்கொண்டு லீவுக்கு வந்தவரைத் தோளில் தூக்கித் தெருவைச் சுற்றி வந்தார்களாம், வீட்டுக்கு வீடு வெல்லப் பொங்கல் வைத்தார்களாம். திரும்பிப் போகும் வழியில் மெடல் தொலைந்துவிட்டது. மெடல் தொலைந்தாலும் பேர் நின்றுவிட்டது. இன்றைக்கும் அது மெடல்காரர் வீடுதான். தபால்காரரும் அப்படித்தான் சொல்வார்.

தொலைந்தது என்றால் யாரோ எடுத்திருப்பார்கள், எடுத்தவர்கள் எங்கேயோ வைத்திருப்பார்கள் என்பது சென்னகேசவன் கட்சி. நைனா கண்ணை மூடுவதற்குள் அதைக் கண்டுபிடித்து அவர் கையில் வைக்க வேண்டும். அந்த வருஷத்துக்கு முன்னால் உள்ளவையும் பின்னால் உள்ளவையும் டப்பாவில் வந்து சேர்ந்துவிட்டன. நடுவில் அது ஒன்றுதான் இல்லை. நாங்கள் திரும்பி வந்து நிலைப்படியில் கால் வைத்ததுமே கட்டிலில் இருந்து குரல் வரும்.

"கெடைச்சுதா?"

"இல்ல நைனா. அடுத்த வாரம் பாப்போம்."

கிழவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். எனக்கே மனசு கஷ்டமாக இருக்கும்.

எழுபத்து நாலாம் வருஷம் கோடையில், திருச்சுழிச் சந்தையில் வளையல் விற்கிற முருகேஸ்வரி ஒரு தகவல் சொன்னாள். நரிக்குடி ரோட்டில் மேலேந்தல் என்றொரு கிராமம். அங்கே தவசி என்று உழுது பிழைக்கிற சம்சாரி ஒருவர் வெள்ளி மெடல் ஒன்றை மடியில் முடிந்துகொண்டே திரிகிறாராம்.

அந்த வருஷம் போல ஒரு வறட்டுக் காய்ச்சலை நான் பார்த்ததில்லை. ரோட்டின் இரண்டு பக்கமும் வேலிக்கருவை தவிரப் பச்சை கிடையாது. கண்மாய் வெடித்துக் கிடந்தது. எதிர்காற்று வேறு. கேரியரில் இருந்தவன் வழியெல்லாம், "பைய மிதி, பைய மிதி" என்று உபதேசம் செய்துகொண்டு வந்தான். இறக்கி விட்டுவிட்டுத் திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

தவசி வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கலப்பைக்கு ஆப்புச் செதுக்கிக்கொண்டிருந்தார். நெட்டையான மனிதர். வந்தவர்கள் யார் என்னவென்று கேட்கும் முன்னாலேயே மருமகளைக் கூப்பிட்டு, "மூக்கம்மா, வெயில்ல வந்திருக்காக. கஞ்சியக் கொண்டா" என்றார். கம்மங்கஞ்சியும் மோர் மிளகாயும் வந்தன. வெங்காயத்தைத் தரையில் வைத்துக் கையாலேயே குத்திக் கொடுத்தார். அந்த வெயிலுக்கு அமிர்தம்தான். சென்னகேசவன் இரண்டு வாய் குடித்துவிட்டு விஷயத்துக்கு வந்தான்.

"ஐயா, ஒங்ககிட்ட பள்ளிக்கூடத்து மெடலு ஒண்ணு இருக்காமே."

"இருக்கு. பாக்கணுமா?" வேட்டி மடிப்பை அவிழ்த்தார்.

மருமகள் சிரித்தாள். "பாருங்க, நல்லாப் பாருங்க. கம்மாக்கரைக்குப் போறப்பவும் அத முடிஞ்சுக்கிட்டுத்தான் போவாரு. பீரோவுல வைய்யின்னா கேக்க மாட்டாரு."

"ஒனக்கென்ன தெரியும்?" என்றார் தவசி. எங்களிடம் திரும்பினார். "எங்க ஊர்ல யாரு செத்தாலும் நெத்தியில ராசா தலை ரூவாய வச்சு அனுப்புவாக. அப்பன் தேடுன ரூவா, பாட்டன் தேடுன ரூவா. இது நான் சம்பாரிச்சது. மத்ததெல்லாம் மண்ணு குடுத்தது, மளை குடுத்தது. நானா சம்பாரிச்சது இது ஒண்ணுதான். நான் போறப்ப இதத்தான் வைக்கணும்னு மகன்கிட்டச் சொல்லி வச்சிருக்கேன்."

சென்னகேசவன் மெடலை வாங்கித் திருப்பினான். கனமான மெடல். மற்றவற்றில் இருப்பது போல வளையம் இல்லை, மேலே ஓட்டை மட்டும்தான். எழுத்தைப் படித்தான். மறுபடி படித்தான். முகம் செத்துப்போனது. என்னிடம் நீட்டினான். எனக்கும் கொஞ்சம் இங்கிலீஷ் எழுத்துக் கூட்ட வரும். வருஷம், வேங்கடபதி சொன்ன அதே வருஷம். பேர், தவசி.

"இந்த வருசத்து மெடலு எங்க நைனாவுக்குக் கெடைச்சது" என்றான்.

"ஒங்க அய்யா யாரு?"

"அருப்புக்கோட்டை வேங்கடபதி."

தவசியின் முகம் மலர்ந்துவிட்டது. "வேங்கடபதி மகனா நீ? அடடே. இருக்கானா? என் பக்கத்துல உக்காந்து படிச்சவன்ல." கோபமோ குத்தலோ இல்லாமல், பழைய கூட்டாளியைப் பற்றிப் பேசுகிற சந்தோஷத்தில் அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனார்.

"நான் பள்ளிக்கூடம் போனது எங்க அய்யாவுக்குத் தெரியாது தம்பி. ஆடு மேய்க்க அனுப்புவாரு. ஆட்ட இன்னொருத்தன் கெடையோட சேத்து விட்டுட்டு நான் போயி உக்காந்துருவேன். வாத்தியாருக்கு என் மேல பிரியம். மெடல எனக்குக் குடுத்துட்டாக. வீட்டுக்குக் கொண்டு போனா அய்யா தோல உரிச்சிருவாரு. வேங்கடபதிகிட்டக் குடுத்து, வச்சிருடா, பெறகு வாங்கிக்கிறேன்னேன். அவன் சட்டையில குத்திக்கிட்டு ஊருக்குப் போயிட்டான். போன எடத்துல தூக்கி வச்சு ஆடியிருக்காக. அவுகளுக்கு இங்கிலீசு எழுத்துத் தெரியுமா என்ன? இவனும் சின்னப்பய, சொல்ல வாயி வரல. திரும்பி வந்து என்கிட்டக் குடுக்கப்ப அப்படி அழுதான். தொலஞ்சு போச்சுன்னு வீட்ல சொல்லிக்கிறேன் தவசின்னான். சரி போன்னுட்டேன். கோழிக்கூட்டுக் கூரையில சொருகி வச்சு, எங்க அய்யா செத்த பெறகுதான் வெளிய எடுத்தேன்."

சென்னகேசவன் எழுந்தான். "எங்க நைனா பொய் சொல்ல மாட்டாரு" என்றான்.

"பொய்யின்னு யாரு சொன்னா? அது சின்னப்பிள்ளைக விசயம்."

"வா காசி, போவோம்."

கஞ்சி பாதி அப்படியே இருந்தது. சம்சாரி வீட்டில் ஊற்றின கஞ்சியை வைத்துவிட்டு எழுந்திருப்பது எப்பேர்ப்பட்ட அவமரியாதை என்று அவனுக்குத் தெரியாதா? தவசி அந்தக் கஞ்சிக் கும்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கூசிப்போயிற்று. வழியெல்லாம் அவனைத் திட்டிக்கொண்டே மிதித்தேன். வீட்டு வாசலில் இறங்கினதும் உள்ளேயிருந்து, "கெடைச்சுதா?" என்று குரல் வந்தது. "இல்ல" என்றான். நைனா என்ற வார்த்தையைச் சேர்க்கவில்லை.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் தறிச் சத்தமே சரியில்லை. முன்பெல்லாம் நான் கடையில் இருந்தபடியே அவன் நெய்கிற தாளத்தைக் கேட்பேன். இப்போது பத்து இழை ஓடுவதற்குள் நூல் அறும். அறுந்தால் ஊடு நூல் ஓட்டுகிற நாடாவைத் தூக்கிப் போடுவான். டப்பாவைப் பரணில் எறிந்துவிட்டான். கங்கம்மாளைத் தெலுங்கில் திட்டுவான், அவள் பதிலுக்குத் தெலுங்கில் திட்டுவாள். எனக்குத் தெலுங்கு தெரியாது என்றாலும் எது திட்டு என்று தெரியும். கட்டிலில் கிடப்பவர் மட்டும் ஒன்றும் விளங்காமல், "இந்த வாரம் போகலியா? போனாத்தானடா கெடைக்கும்" என்று நச்சரித்துக்கொண்டிருந்தார். சாப்பாடு குறைந்துவிட்டது. பாலும் பாதி கடைவாயில் வழிந்தது.

"அவர்கிட்டயே கேட்டுத் தொலையேன்" என்றேன் ஒரு நாள்.

"என்னன்னு கேக்க? சாகக் கெடக்குறவர எழுப்பி, நீ திருட்டு மெடலு போட்டுத்தான் ஊர்வலம் வந்தியான்னு கேக்கவா?" கடை பெஞ்சில் இருந்து எழுந்துவிட்டான். "மெடல்காரர் வீடுன்னு சொல்லித்தான்டா கங்காவ எனக்குக் குடுத்தாக. நான் அஞ்சாங்கிளாஸ் தாண்டல. இத்தன வருசம் வெயில்ல அலைஞ்சது இதுக்குத்தானா? அவரு பொய்யத் தேடித்தான் ஒன்னையும் மிதிக்க வச்சு ஊரு ஊராத் திரிஞ்சேனா? கங்காகிட்டச் சொல்லிராத. யார்கிட்டயும் சொல்லிராத."

அவன் பட்ட ஆத்திரம் எனக்குப் புரிந்தது. ஆனால் எனக்கு ஒரு கெட்ட குணம் உண்டு, கோணலாக இருக்கிற சக்கரத்தைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. கடையைப் பூட்டிவிட்டு ஒரு நாள் நான் மட்டும் மேலேந்தலுக்குப் போனேன். முதலில் கஞ்சிக்கு மன்னிப்புக் கேட்டேன். பிறகு கிழவர் நிலைமையைச் சொன்னேன். மெடலை ஒரே ஒரு நாள் இரவல் கேட்டேன்.

தவசி, செதுக்கிக்கொண்டிருந்த ஆப்பைக் கீழே வைத்தார். "மோசமாயிட்டானா?"

"அடுத்த அமாவாசை தாண்டாது பெரியய்யா."

"எரவல்தான. அன்னைக்கும் குடுத்தேன், இன்னைக்கும் குடுக்கேன். ஆனா கூட நானும் வாரேன். மறுபடி தொலஞ்சு போச்சுன்னு சொல்லிருவான் அந்தப் பய" என்று சிரித்தார்.

மறுநாள் காலை பஸ்ஸில் வந்து இறங்கினார். தெருவில் நீளத்துக்குத் தறிப் பாவு நூலை விரித்து, பெண்கள் கஞ்சி தடவிக்கொண்டிருந்தார்கள். வெயில் ஏறுவதற்குள் காய வைத்துச் சுருட்ட வேண்டிய அவசரம். பாவு மேல் வேட்டி பட்டுவிடாமல் ஒதுங்கி ஒதுங்கி நடந்து வந்தார். யாரோ நெடிய சம்சாரி மெடல்காரர் வீட்டுக்குப் போகிறார் என்றதும் இரண்டு மூன்று பேர் பின்னாலேயே வந்துவிட்டார்கள். வேங்கடபதியின் தம்பி அப்பாசாமியும் வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்.

"ஏலே வேங்கடபதி, என்னத் தெரியுதா? தவசி."

கட்டிலில் கிடந்தவர் கண்ணை விரித்தார். மகனைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார், வாசலில் நிற்கிறவர்களைப் பார்த்தார். அப்படி ஒரு பயத்தை நான் வேறு எந்தக் கிழவர் முகத்திலும் பார்த்ததில்லை. சென்னகேசவன் தறிக்கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் சந்தேகத்துக்கு அந்த முகமே பதில் சொல்லிவிட்டது.

தவசி கட்டிலில் உட்கார்ந்து மடியை அவிழ்த்தார். எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். "ஒன் மெடலுதான். நீ ரோட்ல தவற விட்டத நாந்தான் எடுத்தேன். குடுக்க மனசு இல்லாம இத்தன வருசம் வச்சிருந்துட்டேன். தப்பு என்னோடது. இந்தா."

வேங்கடபதியின் கைக்குள் அதை வைத்து விரலை மடக்கிவிட்டார். கிழவர் பெருவிரலால் அந்த ஓட்டையைத் தடவிப் பார்த்தார். கண்ணில் இருந்து தண்ணீர் காதுக்குள் ஓடியது. "தவசி, நீ கணக்குல கெட்டிடா" என்றார். அது எதற்குச் சொன்னது என்று எங்கள் மூன்று பேருக்குத்தான் தெரியும். கங்கம்மாள் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு தவசியின் காலில் விழுந்தாள். அவளுக்கு என்ன தெரியும்.

வெளியே வந்ததும் தவசி சென்னகேசவனிடம் மெதுவாகச் சொன்னார். "சாயங்கால பஸ்ஸுக்கு நான் போகணும். அவன் அசந்து தூங்குறப்ப பைய எடுத்துக் குடுத்துரு தம்பி."

"சரிங்கய்யா" என்றான். அன்றைக்குக் கஞ்சியை வைத்துவிட்டு எழுந்தவன் இன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தான். அவருக்கு ஒரு நல்ல வேட்டியாவது எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று நெசவாளர் சொசைட்டிக்குப் போனான். தவசியை நான் கடைக்கு அழைத்துப்போய் இட்லி வாங்கிக் கொடுத்தேன். டியூபுக்கு ஒட்டுப் போடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

உச்சிக்கு முன்னாலேயே தெருவில் அழுகைச் சத்தம் கேட்டது.

யார் வீடு என்று தெரிந்து, கடையைப் பூட்டிவிட்டு நாங்கள் ஓடுவதற்குள் நேரமாகிவிட்டது. தெருவில் பாவை ஈரத்தோடு வாரிச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள், அத்தனை நூலும் பாழ். வாசலில் பெஞ்சு போட்டு வேங்கடபதியைக் கிடத்தி, கால் பெருவிரலைக் கட்டி, மாலையும் போட்டுவிட்டார்கள். நெற்றியில் சந்தனத்தை அப்பி, அதன் மேல் மெடல். ராசா தலை பளபளவென்று மேலே பார்த்துக்கொண்டிருந்தது.

கங்கம்மாள் என்னைப் பார்த்ததும் மார்பில் அடித்துக்கொண்டாள். "அண்ணே, ரெண்டு சங்கு பால் குடிச்சாரு, அப்படியே போயிட்டாரு. கையத் தொறக்கவே முடியல. கேட்டது கெடைச்சிருச்சு, அதோடயே போகட்டும்னு நாந்தாண்ணே நெத்தியில வச்சேன். சரிதானே?"

அவள் மேல் தப்பில்லை. உண்மை தெரியாத யாரும் அதைத்தான் செய்திருப்பார்கள். பக்கத்தில் தவசி நின்றுவிட்டார். அவர் கை தானாக வெறும் மடியைத் தொட்டது.

அந்த நேரம் சென்னகேசவன் புது வேட்டிப் பொட்டலத்தோடு வந்தான். அப்பாவைப் பார்த்தான், நெற்றியைப் பார்த்தான், கூட்டத்தில் நின்ற தவசியைப் பார்த்தான். பொட்டலம் கீழே விழுந்தது. நேரே போய்க் குனிந்து நெற்றியில் இருந்த மெடலைப் பிய்த்து எடுத்தான்.

அப்பாசாமி முன்னால் பாய்ந்தார். "டேய், என்னடா பண்ற? பொணத்துக்கு நெத்திக்காசுன்னு வச்சத எடுத்து டப்பாவுல போடப் போறியா? சாவு வீட்லயுமா இந்த மெடல் பைத்தியம்?"

"அதுக்கில்ல சித்தப்பா."

"வேற எதுக்கு? பெத்தவர விட ஒனக்குத் தகரம் பெருசாப் போச்சா?"

பெண்கள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார்கள். கங்கம்மாளின் முகத்தில் இருந்த வெறுப்பை என்னாலேயே தாங்க முடியவில்லை. சென்னகேசவன் மெடலைப் பிடித்த கையை மேலே தூக்கினான்.

"இது நைனாவோடது இல்ல. இதுல வெட்டியிருக்கது இவுக பேரு. மெடலு வாங்குனதும் இவுகதான். நைனா ஒரு தடவ எரவல் வாங்கிப் போட்டுக்கிட்டு வந்தாரு. நாமதான் தூக்கி வச்சு ஆடிட்டோம். அவருக்குச் சொல்ல வாயி வரல. இவுகளுக்குச் சேர வேண்டியத நான் எடுத்துக் குடுக்கேன், அவ்வளவுதான்."

கங்கம்மாள் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். "அப்பன் மூஞ்சிக்கு முன்னால நின்னு அப்பன் பேரக் கெடுக்கான் பாரு" என்று அப்பாசாமி காறித் துப்பினார். சென்னகேசவன் அதைக் காதில் வாங்காமல் தவசியிடம் போய் மெடலை நீட்டினான். சந்தனம் அதில் ஒட்டியிருந்தது.

தவசி கையை நீட்டவில்லை.

"ஒரு நெத்தியில வச்சது இன்னொரு நெத்திக்கு ஆகாது தம்பி. இத நான் வீட்டுக்குள்ள கொண்டு போக முடியாது. மருமக நடையிலயே தடுத்துருவா." அவர் குரலில் முதல் தடவையாகக் கோபம் வந்தது. "என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல. அவன் நெத்தியில பாத்தப்பவே நான் அத விட்டுட்டேன். அவன் பேராவது மிஞ்சியிருக்கும். இப்ப எனக்கு மெடலும் இல்ல, அவனுக்குப் பேரும் இல்ல. என்ன கணக்குப் போட்டு நீ இதச் செஞ்ச?"

சென்னகேசவன் நல்லது செய்கிறேன் என்றுதான் செய்தான். தவசி அவன் கையில் இருந்து மெடலை வாங்கி, பெஞ்சுக்குப் போய், கலைந்த சந்தனத்தை விரலால் சரிசெய்து, மறுபடி வேங்கடபதியின் நெற்றியிலேயே வைத்தார். "நீயே கொண்டு போலே வேங்கடபதி" என்றார்.

வெயில் தாழ எடுத்தோம். மெடல்காரர் வீட்டுச் சாவுக்கு வர வேண்டிய கூட்டத்தில் பாதிக்கு மேல் அவரவர் வீட்டுக்குள் போய்விட்டது. தவசி மயானம் வரை நடந்து வந்தார். முகத்தை மூடும் முன்னால், மயானத்தில் வேலை பார்க்கிற அருஞ்சுனை வழக்கப்படி நெற்றிக்காசை எடுத்தார். ரூபாய் இல்லை என்று பார்த்ததும் கொஞ்சம் யோசித்தார், அப்புறம் இடுப்பில் செருகிக்கொண்டார். அது அவருக்கு உரியது, யாரும் கேட்க முடியாது. சென்னகேசவன் தீச்சட்டியோடு நின்று அதைப் பார்த்தான். தேடித் தேடி அலைந்த மெடல் கைக்கெட்டும் தூரத்தில் போகிறது. ஒரு துண்டை நீட்டிக் கேட்டிருந்தால் அருஞ்சுனை கொடுத்திருப்பார். அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அங்கேயே நான் அவனை அறைந்திருப்பேன்.

தவசியைப் பஸ் ஏற்றிவிட நான் கூடப் போனேன். பஸ் புறப்படுகிற நேரத்தில் சென்னகேசவன் ஓடி வந்தான். மொட்டைத் தலை, ஈர வேட்டி. கையில் அந்த பிஸ்கட் டப்பா. சாவுத் தீட்டோடு பஸ் ஸ்டாண்டில் நிற்கிறானே என்று ஆட்கள் விலகினார்கள். ஜன்னல் வழியாக டப்பாவைத் திறந்து நீட்டினான்.

"ஐயா, இதுல எது வேணுமோ எடுத்துக்கங்க. எல்லாத்தையும்னாலும் எடுத்துக்கங்க. ஒங்களுக்கு ஒண்ணு வேணும்ல."

தவசி ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். கனமானதுதான். "இது யாரு?"

"கல்லூரணிப் பையன். ஒங்களுக்கு அடுத்த வருசம்."

"தெரியும். நல்லாப் படிப்பான்." அதை இருந்த இடத்திலேயே வைத்து டப்பாவை மூடினார். "அவன் படிச்சு வாங்குனத நான் நெத்தியில வச்சுக்கிட்டுப் போகவா? ஒங்க அய்யா ஒரு நாள் போட்டதுக்கே இந்தப் பாடு பட்டுட்டான். எனக்கு வேண்டாம் தம்பி. நீ வீட்டுக்குப் போ. ஒம் பொஞ்சாதி தனியா உக்காந்திருக்கும்."

கண்டக்டர் வந்தார். தவசி நோட்டைக் கொடுத்து டிக்கெட் வாங்கினார். மிச்சச் சில்லறையில் ஒரு ரூபாய்க் காசு இருந்தது. அதை மட்டும் தனியாக எடுத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பிறகு மெடல் இருந்த அதே மடிப்பில் வைத்து, அதே முடிச்சைப் போட்டு இறுக்கினார்.

"எல்லாரையும் போலப் போறதுக்கு இது போதும்" என்றார், எங்களைப் பார்க்காமல்.